மெல்போர்ன் மடல்: நாய்க்குட்டிக்கு நீச்சல் சொல்லித் தரணுமா?

செமஸ்டர் முடிஞ்சு மூச்சு விட நேரம் கிடைச்சிருக்கு, அதனால இந்த வாரம் ஒரு உருப்படியான பதிவு (அப்போ இதுவரைக்கும் எழுதினதுன்னு கேட்கப்படாது :-)).

எங்க வீட்டுல கூட இருக்கிற பையன் ஒரு லாப்ரடார் குட்டி வாங்கியிருக்கான். பேரு மணி. வெள்ளைக்கார நாய்க்கு மணின்னு பேரு வெச்ச பெருமை நம்மளையே சேரும். "மணிக்கு நீச்சல் பழக்கப் போறோம்"னு ஊர்ல ஒரு நண்பன்கிட்ட சொன்னேன். விழுந்து விழுந்து சிரிச்சான். "டேய், நாய்க்கு யாராவது நீச்சல் சொல்லித் தருவாங்களா? தூக்கிப் போடு, தானா நீந்தும்!"

அவன் சொல்றது பாதி உண்மை. தண்ணியில போட்டா பெரும்பாலான நாய்கள் காலை அடிக்கும். நாமளே முதல்ல கத்துக்கிட்டது நாய் நீச்சல்தானே. ஆனா மீதிப் பாதி ஊர்க்காரங்களுக்கு நல்லாவே தெரியும். படி இல்லாத கிணத்துல விழுந்த நாய் நீந்தத் தெரியாமலா சாகுது? சுத்திச் சுத்தி நீந்தும். ஏற வழி கிடைக்காது. கடைசியில களைச்சுப் போய் முங்கிடும். தீயணைப்புக்காரங்க கயிறு கட்டி இறங்கித் தூக்கினா உண்டு.

ஆக, குட்டிக்குச் சொல்லித் தர வேண்டியது நீந்துறதை இல்லைங்க, கரை ஏறுறதை. இந்தப் பதிவோட சாரம் இவ்வளவுதான். அவசரத்துல இருக்கறவங்க இத்தோட போயிடலாம். மத்தவங்க வாங்க.

எப்போ? குட்டிகளுக்கான தடுப்பூசி வரிசை வழக்கமா 16 வாரத்துல முடியும். கால்நடை மருத்துவர் "இனிமே வெளியே விடலாம்"னு சொல்ற வரைக்கும் பொறுமை. நாலு நாய் வந்து போற இடத்துல பார்வோ கிருமி இருக்கலாம், தடுப்பூசி முடியாத குட்டிக்கு அது எமன். இன்னொண்ணு, தேங்கின தண்ணி, சேறு பக்கம் விடாதீங்க. 2019-ல சிட்னி நகரத்துக்குள்ளேயே நாய்களுக்கு எலிக்காய்ச்சல் வந்து சிலது செத்தும் போச்சு. ஏரியில பச்சை பெயிண்ட் கொட்டின மாதிரி பாசி படர்ந்திருந்தா, நக்கவே விடக்கூடாது.

எங்கே? அலை இல்லாத, கொஞ்சம் கொஞ்சமா ஆழமாகிற இடம். இந்த விஷயத்துல மெல்போர்ன்காரங்க அதிர்ஷ்டசாலிங்க. போர்ட் பிலிப் விரிகுடா பரப்புல பெரிசு, ஆனா சராசரி ஆழம் 13 மீட்டர்தான். கரையோரத்துல அலையும் கம்மி. பிரைட்டன்ல சாண்டவுன் தெருக் கடற்கரை, போர்ட் மெல்போர்ன் கடற்கரை ரெண்டுலயும் நாய்களை அவிழ்த்து விட இடம் இருக்கு. சிட்னின்னா மாஸ்மன்ல சிரியஸ் கோவ், பேவ்யூல ரோலண்ட் ரிசர்வ். ரெண்டுமே திறந்த கடல் இல்லை, உள்ளடங்கின தண்ணி. போண்டை பக்கம் நாயோட போயிடாதீங்க, அனுமதி கிடையாது, அலையும் ஆகாது. பல கடற்கரைகள்ல கோடைக்கு ஒரு நேரம், குளிர்காலத்துக்கு ஒரு நேரம்னு விதி இருக்கும். வாசல்ல இருக்கிற பலகையைப் படிச்சிட்டு இறங்குங்க.

பலத்த மழை பெஞ்சா ரெண்டு மூணு நாள் அந்தப் பக்கமே போக வேண்டாம். தெருத்தண்ணி மொத்தமும் வடிகால் வழியா அங்கேதான் வந்து சேருது. குளிர்காலமும் வேண்டாம். ஆகஸ்ட்ல விரிகுடாத் தண்ணி 10, 11 டிகிரிதான் இருக்கும். பிப்ரவரியில 20-ஐத் தொடும், அதான் சரியான நேரம்.

எப்படி? முதல் நாள் கால் மட்டும் நனைஞ்சா போதும். கழுத்துப்பட்டை வேண்டாம், நெஞ்சைச் சுத்திப் போடுற ஹார்னஸ்ல நீளமான கயிறு கட்டுங்க. நீங்க முதல்ல முழங்கால் ஆழத்துக்குப் போய் நின்னு கூப்பிடுங்க. வந்தா ஒரு பிஸ்கட், கொஞ்சல். வரலைன்னா இழுக்கக் கூடாது, நாளைக்குப் பாத்துக்கலாம். தண்ணிக்குப் பழகின, சாதுவான பெரிய நாய் ஒண்ணு கூட வந்தா உங்க வேலை பாதி முடிஞ்சது. குட்டி அதைப் பாத்தே இறங்கிடும்.

அடுத்தடுத்த நாள்ல வயிறு மிதக்கிற ஆழம். புதுக்குட்டி முன்னங்காலை மட்டும் தண்ணிக்கு மேல தூக்கிப் படபடன்னு அடிக்கும், பின்பக்கம் கீழே தொங்கும். அப்போ வயித்துக்கு அடியில, கொஞ்சம் பின்னால தள்ளி கையைக் கொடுத்துத் தாங்குங்க. முதுகு மட்டமா வந்ததும் நாலு காலும் வேலை செய்ய ஆரம்பிக்கும். முதுகுல கைப்பிடி வெச்ச மிதவை ஜாக்கெட் இங்கே நாய்க்கடையில கிடைக்கும், வாங்கிடுங்க. பக், புல்டாக், டாஷ்ஹண்ட் வகைகளுக்கு அது இல்லாம இறங்கவே கூடாது. தலை கனம், கால் குட்டை, மிதக்க ரொம்பக் கஷ்டப்படும். நம்ம ராஜபாளையம், சிப்பிப்பாறை மாதிரி ஒல்லி உடம்புக்காரங்களுக்கு கொழுப்பு கம்மி, சீக்கிரம் குளிர் ஏறிடும்.

இப்போ முக்கியமான பாடம். ஒவ்வொரு தடவையும் குட்டியைக் கரைப்பக்கம் திருப்பி விட்டு அதுவே நடந்து ஏறட்டும். நீங்க தூக்கிட்டு வந்து விட்டா அதுக்கு வழி தெரியாது, உங்க கைதான் தெரியும்.

வீட்டுல நீச்சல் குளம் இருக்கறவங்க இதை ரெண்டு தடவை படிங்க. நாய் விழுந்தா பக்கத்துல இருக்கிற சுவரைத்தான் பிராண்டும். நாலடி தள்ளிப் படி இருந்தாலும் தேடிப் போகத் தோணாது. அதனால படிக்கு நேரா மேலே எப்பவும் கண்ணுல படுற மாதிரி ஒரு பூந்தொட்டி வைங்க. ஒரு நாள் இந்த மூலையில இருந்து, ஒரு நாள் அந்த மூலையில இருந்துன்னு படிக்கு நீந்த வைங்க. நீங்க கூப்பிடாமலே அது படியைத் தேடிப் போற நாள்தான் பாஸ் மார்க்.

"வேலி இருக்கே"ன்னு சொல்லாதீங்க. இங்கே 30 சென்டிமீட்டருக்கு மேல ஆழம் இருந்தா குளத்துக்கு வேலி கட்டாயம்தான். ஆனா அந்த விதி குழந்தைகளுக்காகப் போட்டது. கம்பிகளுக்கு நடுவுல 10 சென்டிமீட்டர் வரைக்கும் இடைவெளி விடலாம். ஒரு சின்னக் குட்டி அதுல ஜாலியா நுழைஞ்சிடும். கீழ்ப்பக்கம் வலை அடிச்சிடுங்க.

எவ்வளவு நேரம்? அஞ்சு நிமிஷம். குட்டி தானா நிறுத்தாது, நாமதான் நிறுத்தணும். பின்பக்கம் தாழ ஆரம்பிச்சாலோ, உடம்பு நடுங்கினாலோ அன்னிக்கு அவ்வளவுதான். பந்தை வீசி வீசி எடுக்க விட்டா ஒவ்வொரு தடவையும் வாய் நிறைய தண்ணி உள்ளே போகும். உப்புத்தண்ணி அதிகமாப் போனா வாந்தி, பேதி, இன்னும் போனா உயிருக்கே ஆபத்து. நல்ல தண்ணியும் அளவுக்கு மீறினா விஷம்தான். குடிக்கத் தனியா ஒரு பாட்டில் தண்ணி எடுத்துட்டுப் போங்க. கரையில ஒதுங்கிக் கிடக்கிற பேத்தை மீனை மோந்து பாக்கவே விடாதீங்க, அதோட விஷத்துக்கு மாத்து மருந்து கிடையாது. வீட்டுக்கு வந்ததும் நல்ல தண்ணியில அலசி, காதைத் துடைச்சு விடுங்க. லாப்ரடார் மாதிரி தொங்கு காதுன்னா ஈரம் நின்னு சீழ் பிடிக்கும்.

கடைசியா, உங்களுக்கு. நாயை விடற கடற்கரைகள்ல பெரும்பாலும் சிவப்பு மஞ்சள் கொடியும் இருக்காது, காவலர்களும் இருக்க மாட்டாங்க. 2024 ஜனவரியில பிலிப் தீவுல, ஃபாரஸ்ட் கேவ்ஸ் கடற்கரையில நம்ம நாட்டுக்காரங்க நாலு பேர் மூழ்கி இறந்தாங்க. அதுவும் காவல் இல்லாத கடற்கரைதான். நம்மள்ல பாதிப் பேருக்கு நீச்சல் தெரியாது, தெரிஞ்சவங்களும் கிணத்துலயும் வாய்க்கால்லயும் கத்துக்கிட்டவங்க. நாய் அலையில மாட்டிக்கிச்சுன்னா பின்னாலயே குதிக்காதீங்க. கரையில நின்னு பேர் சொல்லிக் கூப்பிடுங்க, 000-க்கு அடிங்க. பல சமயம் நாய் தானா கரைக்கு வந்துடும், அதைத் தேடிப் போன ஆள்தான் வர்றதில்லை.

மணி இப்போதைக்கு முழங்கால் ஆழம் வரைக்கும் முன்னேறியிருக்கான். பிஸ்கட்டை வாங்கிக்கிட்டு நேரா கரையைப் பாத்து நடையைக் கட்டிடறான். நமக்கு வேண்டியதும் அதுதானே!

டிஸ்கி: உங்க வீட்டுக் குட்டி எப்படித் தண்ணிக்குப் பழகிச்சுன்னு பின்னூட்டத்துல சொல்லிட்டுப் போங்க. "தூக்கிப் போடு" கோஷ்டிக்கு மட்டும் அனுமதி இல்லை :-)