மிரட்டலை வாசிக்க ஆசிரியருக்கும் பயிற்சி வேண்டும்

“நாளைக்கு நீ செத்தடா!”

இந்த வரியை நீங்கள் எப்படிப் படிப்பீர்கள்? கொலை மிரட்டலாகவா, கேலியாகவா?

சில ஆண்டுகளுக்கு முன் நான் பணியாற்றிய ஓர் இடைநிலைப்பள்ளியில், படிவம் மூன்று மாணவன் ஒருவன் இதை இன்ஸ்டாகிராமில் போட்டான். பக்கத்தில் ஒரு மண்டையோட்டுப் படம். யாரோ அதை ஸ்கிரீன்ஷாட் எடுத்தார்கள். இரவு பத்து மணிக்குள் அது பெற்றோரின் புலனக் குழுவுக்குப் போய்விட்டது. “நாளைக்குப் பிள்ளைகளை அனுப்பலாமா?” என்ற கேள்விகள் வரிசையாக வந்தன.

மறுநாள் காலை கட்டொழுங்கு ஆசிரியர் என்னை அழைத்தார். அவருக்குத் தமிழ் தெரியாது. “இதில் என்ன எழுதியிருக்கிறது?” என்று கேட்டார். நான் சொல்லுக்குச் சொல் மொழிபெயர்த்துச் சொன்னேன். அவர் முகம் மாறியது.

நான் சொன்னதில் பொய் இல்லை. ஆனால் அன்று மாலை வகுப்புகளுக்கு இடையிலான ஃபுட்சால் இறுதியாட்டம் இருந்தது. எழுதியவன் ஓர் அணியின் கோல் காவலன். அவன் யாருக்கு எழுதினானோ அவன் எதிரணியில் ஆடும் அவனுடைய நெருங்கிய நண்பன். அந்த நண்பனிடம் கேட்டிருந்தால் ஒரு நிமிடத்தில் விஷயம் தெளிந்திருக்கும். நாங்கள் யாரும் கேட்கவில்லை. மாணவன் சில நாள்கள் இடைநீக்கம் செய்யப்பட்டான். அவனுடைய அப்பா வேலைக்கு விடுப்பு எடுத்து வந்து, அலுவலகத்தில் தலைகுனிந்து நின்றார்.

எனக்கு இன்றும் உறுத்துவது அதற்குப் பிறகு நடந்தது. அதே ஆண்டில், படிவம் நான்கு மாணவி ஒருத்திக்குப் பெயர் தெரியாத கணக்கிலிருந்து மூன்று வாரங்களாகச் செய்திகள் வந்தன. அவள் எந்த இடத்தில் பேருந்திலிருந்து இறங்குகிறாள், அவளுடைய அம்மா எத்தனை மணிக்கு வேலைக்குக் கிளம்புகிறார் என்றெல்லாம் அதில் இருந்தது. தோழிகள் நால்வருக்கும் இது தெரியும். ஒருவரும் எங்களிடம் சொல்லவில்லை. அம்மா தற்செயலாகக் கைப்பேசியைப் பார்த்த பிறகுதான் விஷயம் காவல் நிலையத்துக்குப் போனது. ஏன் சொல்லவில்லை என்று தோழிகளைக் கேட்டேன். “சொன்னா என்ன நடக்கும்னு தெரியும் சார். அந்த ஃபுட்சால் பையனைப் பார்த்தோமே” என்றாள் ஒருத்தி.

எங்கள் முதல் தவற்றின் விலையை இரண்டாவது பிள்ளை கொடுத்தாள். அதனால்தான் சொல்கிறேன்: சமூக ஊடகத்தில் வரும் மிரட்டலை எடைபோடப் பள்ளி ஊழியர்களுக்கு முறையான பயிற்சி தேவை.

நீங்கள் தமிழ்ப்பள்ளியில் படித்திருந்தால், அறிவியல் செயற்பாங்குத் திறன்களை மனப்பாடம் செய்திருப்பீர்கள். முதலில் உற்றறிதல், பிறகு ஊகித்தல். மெழுகுவர்த்தி அணைந்தது என்பது உற்றறிதல். உயிர்வளி தீர்ந்ததால் அணைந்தது என்பது ஊகம். அந்த ஊகம் சரியா என்று சோதித்துத்தான் முடிவுக்கு வர வேண்டும். அன்று காலை நாங்கள் ஒரு வரியை உற்றறிந்தோம், உடனே தீர்ப்பு எழுதினோம். இடையில் இருக்க வேண்டிய சோதனை நடக்கவே இல்லை. வகுப்பில் இப்படிச் செய்யும் மாணவனுக்கு நானே மதிப்பெண் குறைத்திருப்பேன்.

இந்தச் சோதனையை எப்படிச் செய்வது என்பது பல ஆண்டுகளாக ஆராயப்பட்டு வருகிறது. பள்ளிகளில் துப்பாக்கித் தாக்குதல்கள் நடந்த அமெரிக்காவில் அதற்கான தேவை முதலில் எழுந்தது. அந்நாட்டின் இரகசியச் சேவைப் பிரிவும் கல்வித் துறையும் சேர்ந்து, 1974 முதல் 2000 வரை பள்ளிகளில் நடந்த 37 தாக்குதல்களை ஆராய்ந்து 2002இல் அறிக்கை வெளியிட்டன. அதில் இரண்டு முடிவுகள் முக்கியமானவை. ஒன்று, தாக்கியவர்களில் பெரும்பாலோர் தாங்கள் குறிவைத்தவரை முன்கூட்டியே நேரடியாக மிரட்டவில்லை. இரண்டு, பெரும்பாலான சம்பவங்களில் வேறு யாராவது ஒருவருக்காவது திட்டம் முன்பே தெரிந்திருந்தது. அப்படித் தெரிந்தவர்கள் பெரும்பாலும் நண்பர்கள், வகுப்புத் தோழர்கள், உடன்பிறந்தோர்.

அதாவது, மிரட்டுபவர் எல்லாரும் ஆபத்தானவர் அல்லர். ஆபத்தானவர் எல்லாரும் மிரட்டுவதும் இல்லை. நம் நாட்டில் துப்பாக்கி எளிதில் கிடைக்காது. ஆனாலும் இந்த உண்மை கத்திக்கும் பொருந்தும், கைப்பேசிக்கும் பொருந்தும்.

“எதற்கு வம்பு? எல்லா மிரட்டலையும் ஒரே மாதிரி தண்டித்துவிட்டால் பாதுகாப்புதானே?” என்று சிலர் கேட்பார்கள். ஒரு கற்பனைக் கணக்கு போட்டுப் பார்ப்போம். 1,200 மாணவர்கள் படிக்கும் பள்ளியில் உண்மையில் ஆபத்தானவர் ஒருவர் என்று வையுங்கள். மாணவர் பதிவுகளை எல்லாம் அலசி, 95 விழுக்காடு சரியாகச் சொல்லும் ஒரு கருவி நம்மிடம் இருக்கிறது. அது அந்த ஒருவரைப் பிடித்துவிடக்கூடும். ஆனால் மீதி 1,199 பேரில் 5 விழுக்காட்டினரை, அதாவது ஏறக்குறைய 60 பேரை, தவறாகச் சுட்டிக்காட்டும். ஒருவருக்காக 60 பேரைத் தண்டிப்பதா? அரிதாக நடப்பதைத் தேடும்போது, நல்ல கருவிகூட இப்படித்தான் தடுமாறும். நம்மிடம் இருக்கும் ‘கருவி’யோ, தமிழ் வாசிக்கத் தெரியாத ஒரு செயலியும் என்னைப் போன்ற பதற்றமான ஓர் ஆசிரியரும்தான். அதனால் மாணவர் கணக்குகளை எல்லாம் ஆசிரியர்கள் வேவு பார்க்க வேண்டும் என்று நான் கேட்கவில்லை. நம் கைக்கு வந்துவிட்ட ஒரு செய்தியைச் சரியாக எடைபோடத் தெரிந்திருக்க வேண்டும் என்றே கேட்கிறேன்.

அதற்கு வழிமுறை உண்டு. அமெரிக்காவின் வெர்ஜீனியா பல்கலைக்கழகத்தில் உளவியலாளர் டூயி கார்னெல் தலைமையிலான குழு 2001இல் ஒரு வழிகாட்டியை உருவாக்கியது. அது மிரட்டல்களை இரண்டாகப் பிரிக்கிறது. கோபத்திலோ கேலியிலோ வந்து, விளக்கத்தோடும் மன்னிப்போடும் தீர்ந்துவிடுவது ஒரு வகை. தீங்கு செய்யும் எண்ணம் தொடர்ந்து இருப்பது மற்றொரு வகை. யாரைக் குறிவைக்கிறது, இடமும் நேரமும் குறிப்பிடப்பட்டுள்ளதா, ஏற்பாடு எதுவும் நடந்திருக்கிறதா, வேறு யாரையும் கூட்டுச் சேர்த்திருக்கிறாரா என்று பார்க்க வேண்டும். ஒருவர் மட்டும் முடிவெடுக்காமல், நிர்வாகி, ஆலோசக ஆசிரியர், தேவைப்பட்டால் காவல்துறை எனக் குழுவாக முடிவெடுக்க வேண்டும். 2013இல் வெர்ஜீனியா மாநிலம் தன் அரசுப் பள்ளிகள் அனைத்திலும் இத்தகைய குழுக்களைச் சட்டப்படி கட்டாயமாக்கியது.

இந்த அளவுகோலை என் இரண்டு கதைகளிலும் வைத்துப் பாருங்கள். ‘செத்தடா’ என்ற வரி எந்தக் கேள்வியிலும் தேறாது. மாணவிக்கு வந்த செய்திகளில் ‘கொல்’ என்ற சொல்லே இல்லை; ஆனால் இடமும் நேரமும் இருந்தன, தொடர்ந்து வந்தன. சத்தமாக இருந்ததைப் பார்த்துப் பயந்தோம். அமைதியாக வந்தது எங்கள் கண்ணில் படவே இல்லை.

நம் பள்ளிகளுக்கென்று இன்னொன்றையும் சேர்ப்பேன். பயிற்சி பெற்ற குழுவில் மாணவரின் மொழியும் பேச்சுவழக்கும் தெரிந்த ஒருவர் இருக்க வேண்டும். திரைப்பட வசனத்தையும் கொலைத் திட்டத்தையும் வேறுபடுத்த அகராதி போதாது.

ஆசிரியருக்கு ஏற்கெனவே வேலை அதிகம், இது காவல்துறையின் வேலை என்பாரும் உண்டு. வேலை அதிகம் என்பது உண்மை. ஆனால் ஸ்கிரீன்ஷாட் முதலில் வந்து சேர்வது காவல் நிலையத்துக்கு அல்ல, வகுப்பாசிரியரின் கைப்பேசிக்குத்தான். அங்கே எடுக்கப்படும் முதல் முடிவுதான் மற்ற எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது.

இப்போது உங்களிடம் வருகிறேன். நாங்கள் எவ்வளவு பயிற்சி பெற்றாலும், தரவு உங்களிடம்தான் இருக்கிறது. மனத்தை உறுத்தும் பதிவைக் கண்டால் அழிக்காதீர்கள், பத்துக் குழுக்களுக்கு அனுப்பாதீர்கள். தேதியும் கணக்குப் பெயரும் தெரியும்படி படம் எடுத்து, நீங்கள் நம்பும் ஒரு பெரியவரிடம் காட்டுங்கள். அதற்கு முன் வந்த செய்திகளையும் சேர்த்துக் காட்டுங்கள். ஒருவர் தன்னையே வருத்திக்கொள்ளப் போவதாக எழுதினாலும் இதையே செய்யுங்கள், அன்றே செய்யுங்கள். இது காட்டிக்கொடுப்பது ஆகாது. கேலியாக எழுதுகிறவர்களும் ஒன்றை நினைவில் வையுங்கள்: பிறரை மிரட்டும் நோக்கத்தோடு இணையத்தில் பதிவிடுவது, நம் நாட்டின் 1998ஆம் ஆண்டு தொடர்பு, பல்லூடகச் சட்டத்தின் 233ஆம் பிரிவின்படி குற்றம்.

அந்த ஃபுட்சால் மாணவனிடம் பிறகு மன்னிப்புக் கேட்டேன். “பரவாயில்லை சார்” என்றான். ஆனால் அதன்பின் அவன் என்னிடம் எதையும் சொன்னதில்லை. மாணவர்கள் ஆசிரியரிடம் வந்து பேசும் பள்ளிதான் பாதுகாப்பான பள்ளி. நீங்கள் வந்து பேசுவதற்குத் தகுதியானவர்களாக நாங்கள் ஆக வேண்டும். அதற்குத்தான் அந்தப் பயிற்சியைக் கேட்கிறேன்.