நஞ்சுக்குச் சலுகையா?

திருப்பூர்த் தோழர்களே! நீங்கள் தைத்த பனியனில் ஒரு தையல் பிசகினால், சாயம் சற்றே வேறுபட்டால், கடல் கடந்த வணிகன் சரக்கையே மறுக்கிறான். உடுத்தும் துணிக்கு இத்தனை காவல்! பிள்ளை பருகும் மருந்துக்கு?

காஞ்சிபுரம் மாவட்டத்துச் சுங்குவார்சத்திரத்தில் செய்யப்பட்ட 'கோல்ட்ரிஃப்' இருமல் மருந்து, 2025-இல் மத்தியப் பிரதேசத்துச் சிந்த்வாரா வட்டாரத்தில் இருபதுக்கு மேற்பட்ட மழலைகளின் உயிரைக் குடித்தது. டைஎத்திலீன் கிளைக்கால் என்னும் நஞ்சு அதில் 48.6 விழுக்காடு!

சட்டம் இல்லையா? இருக்கிறது. 1940-ஆம் ஆண்டு மருந்துகள், அழகுப் பொருட்கள் சட்டத்தின் 27(ஏ) பிரிவு, கலப்பட மருந்தால் உயிர் போனால் பத்தாண்டு முதல் ஆயுள் வரை சிறை என்கிறது. ஆனால், அது பிணம் விழுந்தபின் பாயும் புலி! விழுமுன் காக்க வேண்டிய 27(டி) பிரிவின் பல்லையோ பிடுங்கிவிட்டார்கள். தரங்குறைந்த மருந்து விற்றால் ஓராண்டு முதல் ஈராண்டு வரை சிறை என்றிருந்த அந்தக் குற்றத்தை, பணம் கட்டிச் சமரசமாக முடித்துக்கொள்ளலாம் என்று 2023-இல் டில்லி திருத்தியது. திருத்தத்தின் பெயர் 'ஜன் விஸ்வாஸ்'. மக்கள் நம்பிக்கையாம்! எந்த மக்கள் கேட்டார்கள் இந்தச் சலுகையை?

பிசகிய தையலைப் பிரித்துத் தைக்கலாம். பிரிந்த உயிரைத் தைக்க ஊசி உண்டா? அந்தத் திருத்தத்தை நீக்கு என்று முழங்குங்கள்!