மறைக்க வேண்டிய நோயன்று



பெண்ணுக்கு வரன் பேசத் தொடங்கியவுடன் அலமாரியின் பின்புறம் ஒளிந்துகொள்ளும் மருந்துப் புட்டி ஒன்று நம் வீடுகள் சிலவற்றில் உண்டு. அது தைராய்டு மாத்திரைப் புட்டி. கழுத்தில் அறுவைத் தழும்புள்ள பெண்ணாயின், அதனை மறைக்கும் அளவுக்கு அகன்ற அட்டிகை தேடப்படுகிறது. பெற்றோர் இதனை மகள்மீது கொண்ட அன்பினாலேயே செய்கின்றனர் என்பதை அறிவோம். ஆயினும் இம்மறைப்பினால் விளையும் தீங்கு, நோயினால் விளையும் தீங்கினும் பெரிதாகக்கூடும் என்பதை இம்மாதம் எடுத்துரைக்க விழைகிறோம்.

தைராய்டு என்பது குரல்வளைக்குக் கீழே, மூச்சுக் குழலைத் தழுவி, வண்ணத்துப்பூச்சி சிறகு விரித்தாற்போல் அமைந்துள்ள சிறு சுரப்பி. உணவின் வழியாகக் கிடைக்கும் அயோடினைக் கொண்டு அது ஆக்கும் சுரப்பு நீரே உடலின் சூட்டையும், இதயத் துடிப்பையும், குழந்தையின் மூளை வளர்ச்சியையும் ஆளுகிறது. சுரப்பு குறைந்தால் சோர்வு, உடல் பருத்தல், குளிர் தாங்காமை, மலச்சிக்கல், மாதவிலக்கில் மிகுபோக்கு, மனத்தளர்ச்சி ஆகியவை தோன்றும். மிகுந்தால் நெஞ்சு படபடக்கும், கை நடுங்கும், உடல் மெலியும். இவை ஆண்களினும் பெண்களையே பெரிதும் பற்றுகின்றன. அடுப்படியில் சோர்ந்து அமரும் மருமகளைச் சோம்பேறி என்று ஏசுவதற்கு முன், அவளை ஓர் இரத்தப் பரிசோதனைக்கு அழைத்துச் செல்லும் மாமியார் அறிவுடையவர்.

சுரப்புக் குறைவுக்கு மருந்தே இல்லாதிருந்த காலமும் ஒன்று இருந்தது. 1891-ஆம் ஆண்டில் இங்கிலாந்து நாட்டு மருத்துவர் ஜார்ஜ் மர்ரே, செம்மறியாட்டின் தைராய்டுச் சாற்றை 46 வயதுப் பெண்மணி ஒருவருக்கு ஊசி வழியே செலுத்தினார். நலிந்து கிடந்த அவர் தேறி, பின்னும் 28 ஆண்டுகள் வாழ்ந்தார். 1914-ஆம் ஆண்டு கிறிஸ்துமஸ் நாளன்று அமெரிக்க அறிஞர் எட்வர்டு கெண்டல் அச்சுரப்பு நீரின் சாரமாகிய தைராக்சினைப் பிரித்தெடுத்தார். இன்று அதே பொருள் செயற்கையாக ஆக்கப்பட்டு, எளிய விலையில் மாத்திரையாகக் கிடைக்கின்றது. உடல் தானே ஆக்க வேண்டியதை ஈடுசெய்யும் பொருளாதலால், உரிய அளவில் உண்டால் அஞ்சத் தக்கது யாதுமில்லை. காலையில் வெறும் வயிற்றில் தண்ணீருடன் உட்கொண்டு, அரைமணி முதல் ஒருமணி நேரம் கழித்தே காப்பி அருந்த வேண்டும். இரும்புச்சத்து, சுண்ணாம்புச்சத்து மாத்திரைகளுக்கு நான்கு மணி நேர இடைவெளி தேவை. உடல் தேறிவிட்டது என்று தாமாக நிறுத்தலாகாது, தேறியதே அம்மாத்திரையால்தான்.

நம் வட்டாரத்திற்கே உரிய ஓர் ஐயத்தையும் இங்கே தீர்க்க வேண்டும். சேலம், நாமக்கல் சமவெளி மரவள்ளிக்கிழங்கு விளையும் மண். ஜவ்வரிசி ஆலைகள் நிறைந்த நாடு. ‘கிழங்கு தின்பதால்தான் கழுத்து வீங்குகிறது’ என்று சிலர் கூறுவர். இதில் ஓரளவு உண்மை உண்டு. பச்சைக் கிழங்கிலுள்ள நஞ்சுப்பொருள் உடலில் தயோசயனேட்டாக மாறி, அயோடின் சுரப்பிக்குள் புகுவதைத் தடுக்கின்றது. ஆப்பிரிக்காவின் காங்கோ நாட்டில், கீவு ஏரியிலுள்ள இட்ஜ்வி தீவு மக்களிடையே பெல்ஜிய மருத்துவர்கள் இதனை ஆராய்ந்து கண்டனர். ஆனால் அம்மக்களுக்குக் கிழங்கே முதன்மை உணவு. அயோடினோ மிகக் குறைவு. தோல் நீக்கி, அரைத்து, பாலைப் பலமுறை நீரில் தெளியவைத்து ஆக்கப்படும் ஜவ்வரிசியில் அந்நஞ்சின் பெரும்பகுதி நீங்கிவிடுகிறது. நன்கு வேகவைத்து, வெந்த நீரை வடித்துக் கொட்டிவிட்டு உண்ணும் கிழங்கும் அத்தகையதே. அயோடின் போதிய அளவு உண்போர் அஞ்ச வேண்டுவதில்லை.

ஆகவே கவனிக்க வேண்டியது உப்பையே. மருத்துவர் இராமலிங்கசாமி 1956-ஆம் ஆண்டு முதல் இமயமலையடியிலுள்ள காங்க்ரா பள்ளத்தாக்கில் நடத்திய ஆய்வு, அயோடின் கலந்த உப்பினால் கழுத்துக் கழலை குறைவதை நாட்டுக்கு மெய்ப்பித்தது. 2006-ஆம் ஆண்டு முதல் உணவுக்கு விற்கும் உப்பில் அயோடின் இருக்க வேண்டும் என்பது நாடு முழுவதற்கும் சட்டம். தூத்துக்குடியும் வேதாரண்யமும் உப்பு விளைவிக்கும் நம் மாநிலமோ, 2018-19-ஆம் ஆண்டின் தேசிய ஆய்வில் கடைசி நிலையில் நின்றது. நாடெங்கும் 76.3 விழுக்காட்டு வீடுகளில் போதிய அயோடின் உப்பு இருக்க, இங்கு 61.9 விழுக்காட்டு வீடுகளிலேயே இருந்தது. கல்லுப்பைக் கழுவிப் பயன்படுத்துவோர், மேலே படிந்துள்ள அயோடினையும் கழுவி விடுகின்றனர். அயோடின் உப்பை மூடிய பாத்திரத்தில், அடுப்புச் சூடு படாமல் வைத்து, சமையலின் இறுதியில் சேர்ப்பதே நன்று.

இனிப் புற்றுநோயைப் பற்றி. கழுத்தில் கட்டி என்றதும் உள்ளம் நடுங்குவது இயல்பு. ஆனால் தைராய்டில் தோன்றும் கட்டிகளில் நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேற்பட்டவை புற்றுநோய் அல்ல. ஊசியால் சிறிது திசு எடுத்துப் பார்த்தால் பெரும்பாலும் விளங்கிவிடும். புற்றாகவே இருப்பினும், மிகுதியாகக் காணப்படும் வகை மெல்ல வளர்வது. காலத்தோடு மருத்துவம் பெற்றோர் பெரும்பாலோர் நெடுநாள் வாழ்கின்றனர். விரைந்து பரவும் கொடிய வகையும் அரிதாக உண்டு. எனவே கட்டி வளர்ந்தாலும், குரல் கம்மினாலும், விழுங்குவது கடினமானாலும் நாள் கடத்தலாகாது. சேலத்தில் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனை உள்ளது. நாமக்கல் அரசு மருத்துவக் கல்லூரி 2022-இல் திறக்கப்பட்டது. வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியும், 1954-இல் தொடங்கிய அடையாறு புற்றுநோய் மருத்துவமனையும் நம் மக்கள் நெடுங்காலமாக நாடிச் செல்பவை.

அறுவைக்குப்பின் சிலருக்குக் கதிரியக்க அயோடின் கொடுப்பர். அதற்கு முன் ஓரிரு வாரங்கள் அயோடின் உப்பு, கடல் மீன், பால், முட்டை ஆகியவற்றை விலக்கச் சொல்வர். மருந்து உட்கொண்டபின் மருத்துவர் குறிக்கும் சில நாள்கள் குழந்தைகளிடமிருந்தும் கர்ப்பிணிகளிடமிருந்தும் விலகியிருத்தல் வேண்டும். அதன் கதிர்வீச்சு ஏறத்தாழ எட்டு நாளுக்கு ஒருமுறை பாதியாகக் குறையும், உடலினின்றும் வெளியேறிவிடும். அந்நாள்கள் கழிந்த பின்னும் மாதக்கணக்கில் தனித் தட்டு, தனிப் பாய் என்று ஒதுக்கும் வீடுகள் உண்டு. இது தொற்றுநோயன்று. ஒரு தாயைத் தன் பிள்ளையிடமிருந்து காரணமின்றிப் பிரிப்பது கொடுமை.

மறைப்பின் தீங்கு யாதென இப்போது விளங்கும். கருவிலுள்ள குழந்தைக்கு முதல் மூன்று மாதங்கள் தானாகத் தைராய்டு நீர் சுரக்கும் ஆற்றல் இல்லை. தாயின் இரத்தத்திலிருந்து பெற்றே அதன் மூளை வளர்கிறது. சுரப்புக் குறைவுள்ள தாய்க்கு மாத்திரையின் அளவைக் கருவுற்ற முதல் வாரங்களிலேயே கூட்ட வேண்டியிருக்கும். புகுந்த வீட்டார் காண்பரே என்று அஞ்சி மாத்திரையைக் கைவிடும் மணமகள், இன்னும் பிறவாத தன் மகவின் பங்கையே கைவிடுகிறாள். கதிரியக்க அயோடின் பெற்றவள், மருத்துவர் சொல்லும் மாதங்கள் வரை கருத்தரித்தலைத் தள்ளிப்போட வேண்டும். கணவன் அறியாமல் இஃது எவ்வாறு இயலும்? மெடுல்லரி என்னும் புற்றுவகையில் ஏறத்தாழ நான்கில் ஒன்று பரம்பரை வழியே வருவது. அதனை உறவினர்க்கு மறைத்தால் உடன்பிறந்தாரின் உயிர்க்கே இடர் நேரலாம்.

ஆகையால் பெற்றோரே, ஓலை வாசிக்கப்படும் முன்னரே உண்மையைச் சொல்லிவிடுங்கள். மருத்துவச் சீட்டையும் காட்டுங்கள். மாத்திரை உண்பவள் பிள்ளை பெறுவாள், வேலை செய்வாள், முதுமை காண்பாள் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். மணமகன் வீட்டாரே, உண்மை சொன்ன குடும்பத்தை அதன் பொருட்டே மதியுங்கள். மறைத்துப் பெறும் மருமகளினும் அறிந்து ஏற்கும் மருமகளே வீட்டுக்கு விளக்கு. அவள் மாத்திரைப் புட்டி அலமாரியின் பின்புறத்தை விட்டு வெளியே வரட்டும். காலையில் எழுந்ததும், ‘மாத்திரை போட்டாயா அம்மா?’ என்று மாமியாரே கேட்கும் வீடுகள் நம் பங்குகளில் பெருகட்டும்.