ஓடியது குற்றமா?

புதுக்கோட்டை மாவட்டம் கத்தக்குறிச்சியில் செங்கல் சூளைத் தொழிலாளர் குடும்பத்தில், தாழ்த்தப்பட்ட வகுப்பில் பிறந்தவர் சாந்தி சவுந்தரராஜன். 2006 டிசம்பரில் தோஹாவில் நடந்த ஆசிய விளையாட்டுப் போட்டியில் 800 மீட்டர் ஓட்டத்தில் அவர் வெள்ளிப் பதக்கம் பெற்றார். சில நாட்களுக்குள், பால் சோதனையில் தேறவில்லை என்று கூறி அந்தப் பதக்கம் பறிக்கப்பட்டது. பெண்ணாகப் பிறந்து, பெண்ணாகவே வளர்ந்த ஒருவரின் அந்தரங்கம் ஊர் வாயில் அவலாயிற்று. 2012இல் அவர் நாள் கூலிக்குச் செங்கல் சூளையில் வேலை செய்கிறார் என்ற செய்தி வந்த பிறகே நாடு திரும்பிப் பார்த்தது. பின்னர் அவர் பெங்களூரில் பயிற்சியாளர் படிப்பை முடித்து, தமிழக அரசின் விளையாட்டுப் பயிற்சியாளரானார். பதக்கம் மட்டும் திரும்பவில்லை.

ஒரிஸாவின் நெசவாளர் வீட்டுப் பெண் டூட்டி சந்துக்கும் 2014இல் இதே சோதனை வந்தது. காமன்வெல்த் போட்டிக்கான அணியிலிருந்து அவர் நீக்கப்பட்டார். ஆனால் அவருக்கு மத்திய அரசின் விளையாட்டுத் துறை துணை நின்றது, வழக்கறிஞர்கள் கிடைத்தனர். சர்வதேச விளையாட்டு நடுவர் மன்றம் 2015 ஜூலையில் அந்த விதியையே நிறுத்தி வைத்தது. டூட்டி மீண்டும் ஓடினார். இருவருமே ஏழைப் பெண்கள்தான். ஒருவருக்குக் கை கொடுக்க ஆள் இருந்தது, மற்றவருக்கு இல்லை. வித்தியாசம் இவ்வளவே.

பெண்கள் பிரிவில் போட்டி சமமாக இருக்க வேண்டும் என்ற வாதத்தை ஒதுக்கிவிட முடியாது. பக்கத்துத் தடத்தில் ஓடும் பெண்ணும் பாடுபட்டு வந்தவர்தான். ஆனால் விதி எதுவானாலும், அதை ஒரு பெண்ணின் மானத்தை ஏலம் போடாமல் நடத்த வழி உண்டு. 2025 செப்டம்பர் 1 முதல், உலக அளவிலான தடகளப் போட்டிகளில் பெண்கள் பிரிவில் கலந்துகொள்வோர் ஒரு முறை மரபணுச் சோதனை செய்துகொள்ள வேண்டும் என்று விதி வந்துள்ளது. எனவே இது பழங்கதை அல்ல. நாளை மற்றொரு கிராமத்துப் பெண்ணுக்கும் நேரலாம்.

பதக்கம் வந்தாலும் சாதி விடுவதில்லை. 2021 டோக்கியோ ஒலிம்பிக்கில் ஹாக்கியில் ஒரே ஆட்டத்தில் மூன்று கோல் அடித்த முதல் இந்தியப் பெண் வந்தனா கட்டாரியா. அரை இறுதியில் அணி தோற்றதும், ஹரித்வார் அருகே அவர் வீட்டு முன் சிலர் பட்டாசு வெடித்துச் சாதிப் பெயர் சொல்லி ஏசினர் என்று குடும்பத்தார் போலீசில் புகார் செய்தனர். சிலர் கைதும் செய்யப்பட்டனர்.

ஏழை வீட்டுப் பெண்ணுக்கு விளையாட்டு என்பது பொழுதுபோக்கு அல்ல. ரயில்வேயிலோ போலீசிலோ ஒரு வேலைக்கு அது வாசல். அந்த வாசலை அடைக்கும் முன் அரசும் சங்கங்களும் செய்ய வேண்டியவை சில உண்டு. சோதனை என்ன, எதற்கு என்பதைத் தாய்மொழியில் முன்கூட்டியே விளக்க வேண்டும். முடிவை அவரிடம் மட்டுமே சொல்ல வேண்டும். மருத்துவரும் வழக்கறிஞரும் அரசுச் செலவில் கிடைக்க வேண்டும். தகுதி போனாலும் பிழைப்புக்கு வழி இருக்க வேண்டும். சாந்திக்கு 2006இல் இவற்றில் ஒன்றும் கிடைக்கவில்லை. அடுத்து வருபவருக்காவது கிடைக்க, மத்திய விளையாட்டு அமைச்சகம் இவற்றை எழுத்து மூலம் உத்தரவாக்குவது அவசியம்.