காற்றும் ஏற்றும் ரத்த அழுத்தம்

புதுதில்லி: காற்று மாசு, ஆயுளைக் குறைக்கிறது என எந்த இந்திய ஆய்வும் காட்டவில்லை என்று 2019 டிசம்பரில் மக்களவையில் தெரிவித்தார் அப்போதைய சுற்றுச்சூழல் அமைச்சர் பிரகாஷ் ஜாவடேகர். மக்களிடையே அச்சத்தை உண்டாக்க வேண்டாம் என்றும் கேட்டுக்கொண்டார்.

ஆயுள் பற்றிய வாதம் ஒருபுறம் இருக்கட்டும். அதே 2019-இல்தான் ஹைதராபாதை அடுத்த 28 கிராமங்களில் 5 ஆயிரத்துக்கும் மேற்பட்டோரிடம் நடத்தப்பட்ட ஆய்வின் முடிவு வெளியானது. பார்சிலோனா ஆய்வாளர்களுடன் இதில் கைகோத்தது, மாதாப்பூர் காவூரி ஹில்ஸில் அலுவலகம் கொண்டிருந்த இந்தியப் பொது சுகாதார நிறுவனம். ஒரு கன மீட்டர் காற்றில் நுண்துகள் (பி.எம். 2.5) ஒரு மைக்ரோகிராம் கூடுதலாக இருந்த இடங்களில், பெண்களின் மேல் ரத்த அழுத்தம் சராசரியாக 1.4 மில்லிமீட்டர் அதிகமாக இருந்தது. ஆண்களிடம் தொடர்பு இவ்வளவு வலுவாக இல்லை.

அவர்களில் பலர் நடுத்தர வயதினர். ரத்தக் குழாய்கள் இறுகிவிட்ட, ஏற்கெனவே ரத்தக் கொதிப்புக்கு மாத்திரை உண்ணும் முதியவரின் நிலை இன்னும் கவலைக்குரியது. நுரையீரலின் அடியாழம் வரை செல்லும் துகள் அங்கே அழற்சியை மூட்டுகிறது. நரம்பு மண்டலம் தூண்டப்பட்டு ரத்தக் குழாய்கள் சுருங்குகின்றன. அமெரிக்காவின் டெட்ராய்ட் நகரில், வருமானம் குறைந்த முதியோர் குடியிருப்பில் 40 பேரின் அறைகளில் மூன்று நாள் காற்று வடிகட்டியை வைத்தபோது, அவர்களது மேல் அழுத்தம் சுமார் 3 மில்லிமீட்டர் குறைந்ததாக 2018-இல் வெளியான ஆய்வு தெரிவிக்கிறது.

காற்று மாசு மட்டுமே நோய்க்குக் காரணம் என நிறுவத் திட்டவட்டமான தரவு இல்லை என்பது நாடாளுமன்றத்தில் அரசு பின்னரும் அளித்துவரும் பதில். 'மட்டுமே' என்ற சொல் இங்கே நல்ல கேடயம். உப்பு மட்டுமே ரத்தக் கொதிப்புக்குக் காரணம் என்று எந்த மருத்துவரும் கூறுவதில்லை. ஆயினும் உப்பைக் குறைக்கச் சொல்லாத மருத்துவர் உண்டா?

மருத்துவர் சொல்கிறாரே என்று மாதாப்பூர் முதியவர் அதிகாலை நடைக்குக் கிளம்புகிறார். குளிர்காலத்தில் மாசு தரையோடு படிந்து நிற்கும் நேரமும் அதுவே.

2019-இல் தொடங்கிய தேசிய தூய காற்றுத் திட்டத்தில் நகரங்களின் முன்னேற்றம் பெரிதும் பி.எம். 10 என்னும் பருந்துகளைக் கொண்டே மதிப்பிடப்பட்டது. நிதியில் 64 சதவீதம் சாலைத் தூசிக்கே சென்றதாக அறிவியல், சுற்றுச்சூழல் மையம் 2024-இல் சுட்டிக்காட்டியது. சாலையைக் கூட்டுவது எளிது. வாகனப் புகையிலும் ஆலைப் புகையிலும் கை வைப்பதுதான் கடினம். நுண்துகளுக்கு உலக சுகாதார நிறுவனம் 2021-இல் வகுத்த ஆண்டு வரம்பு 5 மைக்ரோகிராம். இந்தியா 2009-இல் வகுத்துக்கொண்டது 40. இந்த இடைவெளி குறித்து அவையில் யாரேனும் துணைக் கேள்வி எழுப்பலாம்.