பனிச்சறுக்குக்கு ஏற்ற ஊர் எது?

ஆல்ப்ஸ் மலையில் பனிச்சறுக்கு ஆடக் குடும்ப சமேதராய்ப் புறப்படுவோர், தங்களுள் வீராதிவீரர் எவரோ அவரைக் கேட்டே ஊரைத் தெரிந்தெடுக்கிறார்கள். கேட்கவேண்டியது, காலில் பலகை கட்டியே அறியாதவரையல்லவா?

சரிவுகளுக்கு நிறக்குறிகள் உண்டு. நீலம் எளிது, சிவப்பு நடுத்தரம், கறுப்பு கடினம். பிரான்ஸில் நீலத்தினும் எளிதாகப் பச்சையும் உண்டு. ஆயினும் ஓர் ஊரின் நீலம் மற்றோர் ஊரின் சிவப்பாயிருத்தல் கூடும். ஆஸ்திரியாவின் ஸாங்க்ட் ஆன்டனைப் பாருங்கள். ஹான்னஸ் ஷ்னைடர் என்னும் ஆசான் 1907 முதல் சறுக்குக் கலையைப் போதித்துப் புகழ்பெற்ற தலம் அது. கைதேர்ந்தவர்க்குச் சுவர்க்கந்தான், புதியவர்க்கோ நீலத்திலேயே முழங்கால் நடுங்கும்!

1924-ல் முதல் குளிர்கால ஒலிம்பிக் நடந்த ஷாமொனியில் வேறு சங்கடம். சறுக்குமிடங்கள் பள்ளத்தாக்கு நெடுகச் சிதறியிருப்பதால், தரம் வேறுபட்ட தம்பதிகள் காலையில் பிரிந்தால் மாலையில்தான் சந்திப்பர்.

பலதரத்தாரும் கலந்து செல்வதற்கு கூர்ஷெவெல் உத்தமம். பச்சைச் சரிவுகள் ஊரை ஒட்டியே இருக்கின்றன. வல்லவர்களோ, மூன்று பள்ளத்தாக்குகளை இணைக்கும் சுமார் 600 கிலோமீட்டர்ச் சரிவுகளில் திரிந்துவிட்டு மத்தியான போஜனத்திற்குத் திரும்பிவிடலாம். செலவுதான் கண்ணைப் பிதுங்க வைக்கும். அதற்கு அஞ்சுவோர் அருகிலுள்ள லெ மெனுயீரில் தங்கலாம். அதே சரிவுகள், குறைந்த வாடகை. கட்டிடங்களின் அழகைப்பற்றி மட்டும் என்னைக் கேளாதீர்கள்.