மனை விலை 'டபுள்' ஆனால் நிஜ லாபம் எவ்வளவு?

"30 லட்சத்துக்கு வாங்கின மனை, 10 வருஷத்துல 60 லட்சம் ஆயிடுச்சு!" ஆபீஸில் இப்படிச் சொல்ல ஒருவராவது இருப்பார். கேட்டதும் நமக்கும் கை பரபரக்கும்.

72-ஐ 10-ஆல் வகுத்துப் பாருங்கள்: 7.2. கூட்டு வட்டியில் வருஷத்துக்கு 7.2% வளர்ந்தாலே 10 வருஷத்தில் பணம் இரட்டிப்பாகிவிடும். அந்த 'டபுள்' அவ்வளவுதான்.

அதுவும் முழுசா கைக்கு வராது. இன்று தமிழ்நாட்டில் 30 லட்சத்துக்கு மனை வாங்கினால், முத்திரைத்தீர்வை 7%, பதிவுக் கட்டணம் 2%. முழு விலைக்கும் பத்திரம் போட்டால் 2.7 லட்சம். ஆக, உங்கள் முதலீடு 32.7 லட்சம். இதே விதிகளில் 60 லட்சத்துக்கு விற்றால், லாபத்தில் 12.5% மூலதன ஆதாய வரி; செஸ்ஸோடு சுமார் 3.5 லட்சம். மிச்சத்தைக் கணக்குப் போட்டால் வருஷத்துக்கு 5.6% சொச்சம்தான். புரோக்கர் கமிஷன், வேலி போட்ட செலவெல்லாம் இதில் சேர்க்கவே இல்லை!

வரியே இல்லாத பிபிஎஃப் 7.1% தருகிறது (வருஷத்துக்கு 1.5 லட்சம்தான் போட முடியும் என்பது வேறு விஷயம்).

வீடு கட்டிக் குடிபோக வாங்குகிறவர்களை விட்டுவிடலாம். அது வேறு கணக்கு. ஆனால் 'முதலீடு' என்று 9% வட்டிக்கு லோன் போட்டு, 5.6% தரும் மனையை வாங்குகிறோமே, அதைத்தான் புரிந்துகொள்ள முடியவில்லை.